ஃபார்மேட்டர் செய்யாத தவறுக்கு ஃபார்மேட்டர் மேல் பழி

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு 4 ஆண்டு அனுபவம். ஏலச்சீட்டு நிறுவனங்களுக்கான மென்பொருள் ஒன்றை 9 பேர் கொண்ட குழு 6 ஆண்டுகளாக பைத்தான், ஜாங்கோவில் வளர்த்துவருகிறது. நிரலில் ஆளுக்கொரு பாணி. ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போடுகிறார், இன்னொருவர் இரட்டை. மாறிப் பெயர்கள் பாதி ஆங்கிலம், பாதி ஆங்கில எழுத்தில் தமிழ். ரிவ்யூ என்றாலே காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் சண்டை. புதிதாக வந்த டீம் லீட் ஒரு கூட்டத்தில் “இனிமே பெப் 8 ஃபாலோ பண்ணுங்க” என்று பைத்தானின் நிரல் பாணி வழிகாட்டியைச் சொல்ல, வாசகி ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மொத்த நிரலையும் சீராக்கியிருக்கிறார். நிரலின் தோற்றத்தைத் தானாகச் சீராக்கும் பிளாக் ஃபார்மேட்டரை ஓட்டி, சந்தேகத்துக்குரிய வரிகளைச் சுட்டும் கருவியான லின்டரின் தானியங்கித் திருத்தத்தையும் ஓட்டி, கண்ணில் பட்ட தமிழ்ப் பெயர்களை ஆங்கிலமாக்கி, 412 கோப்புகளைத் தொடும் ஒரே புல் ரெக்வெஸ்டாக, அதாவது முதன்மை நிரலில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாகப் போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை குழுவின் மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், அதை நிராகரித்துவிட்டார். “ஓடுற கோட்டை ஏன் தொட்ட? இனி பிளேம் பாத்தா எல்லா வரியிலயும் உன் பேருதான் வரும்.” (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் பெயரைக் காட்டுவது பிளேம்.) போதாததற்கு, அந்தப் பிராஞ்சை (வாசகியின் மாற்றங்கள் இருக்கும் தனிப் பிரதியை) ஏற்றியிருந்த டெஸ்ட் சர்வரில் தவணை கட்டியவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போவது நின்றுவிட்டது. ரசீதில் கசர் தொகை, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுத்ததில் ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு, வர வேண்டிய இடம் காலி. சில கோப்புகளில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, ஆனாலும் எல்லா வரிகளும் மாறியதாக, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் காட்டுகிறது. வாசகி கேட்பது: “பெப் 8 பைத்தானின் அதிகாரப்பூர்வ விதிதானே? அதைப் பின்பற்றியதற்கு நான் ஏன் திட்டு வாங்க வேண்டும்? எனக்கு ரெப்பாசிட்டரியில் (நிரல் இருக்கும் களஞ்சியத்தில்) அட்மின் உரிமை இருக்கிறது. லீடும் வாய்மொழியாகச் சரி என்றார். நானே மெர்ஜ் செய்து முதன்மை நிரலோடு இணைத்துவிடலாமா?”

அன்புள்ள வாசகிக்கு,

மெர்ஜ் செய்யாதீர்கள். அந்த பட்டன் உங்களுக்குத் திறந்திருப்பது அவசரத்தில் சர்வரைக் காப்பாற்ற. மறுப்பு பதிவாகியிருக்கும் ஒரு ரிவ்யூவைத் தாண்டிப்போக அல்ல. அப்படிச் செய்து நாளை எஸ்.எம்.எஸ். பிரச்சினை உண்மையான சந்தாதாரர்களுக்கும் வந்தால், லீட் வாய்மொழியாகச் சொன்னது உங்களைக் காப்பாற்றாது. ஆனால் நீங்கள் செய்ய நினைத்த வேலை சரியான வேலை. அதை உங்கள் குழு செய்துதான் ஆக வேண்டும். ஃபார்மேட்டர், லின்டர், பெயர் மாற்றம், தெரியாமலே நடந்த வரி முடிவு மாற்றம் என்று நான்கு வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் பிழை. அதனால் எது எதை உடைத்தது என்று உங்களுக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை.

பெப் 8 பற்றி ஒரு திருத்தம். அது 2001இல் கைடோ வான் ரோசம், பாரி வார்சா ஆகியோர் எழுதத் தொடங்கிய ஆவணம். பைத்தானோடு சேர்ந்து வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் நிரலுக்கான மரபுகள் இவை என்றுதான் அது தொடங்குகிறது. ஒரு திட்டத்துக்குத் தனி விதிகள் இருந்தால், அந்தத் திட்டத்துக்குள் அவைதான் மேல் என்றும் அதிலேயே இருக்கிறது. வரிக்கு 79 எழுத்து என்று சொல்லிவிட்டு, குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்கிறது. பிளாக் இயல்பாக 88இல் நிற்கும். ஆக, பிளாக்கை ஓட்டிய அந்த நிமிடமே நீங்கள் பெப் 8ஐ எழுத்துக்கு எழுத்து பின்பற்றவில்லை. அதில் தவறும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் உள்தள்ளல் 8 எழுத்து அகல டேப். கோ மொழியின் ஃபார்மேட்டரான கோஃப்மட் டேப் போடும், அகலத்தைப் பார்ப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிடும். பைத்தானில் 4 இடைவெளி. எது அழகு என்று கேட்டால் முடிவே வராது. “நாம் எதை ஒத்துக்கொண்டோம்” என்று கேட்டால் பதில் உண்டு. உங்கள் குழுவில் அந்த ஒத்துக்கொள்ளல் நடக்கவே இல்லை, கூட்டத்தில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லப்பட்டது.

அண்ணன் சொல்வதிலும் பாதிதான் சரி. பாணி வெறும் தோற்றம் அல்ல. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய ஒரு பாதுகாப்புப் பிழை நினைவிருக்கலாம். சி மொழியில் எழுதிய, சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சோதனையில் ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது வரியும் இஃப் நிபந்தனைக்குள் இருப்பதுபோல் உள்தள்ளியிருந்தது, அடைப்புக்குறி இல்லை. உண்மையில் அது நிபந்தனைக்கு வெளியே இருந்ததால் எப்போதும் ஓடி, மீதிச் சோதனையைத் தாண்டிப்போனது. ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த வரி இடப்பக்கம் நகர்ந்து தனியாகத் தெரிந்திருக்கும்.

எஸ்.எம்.எஸ். ஏன் நின்றது

பிளாக் இதைச் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேண்டுமென்றே ‘ஃபாஸ்ட்’ என்ற தெரிவைக் கொடுத்தால் ஒழிய, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நிரலின் தொடரியல் மரம், அதாவது அதன் அமைப்பு, ஒன்றுதானா என்று அது தானே சரிபார்க்கும். என் சந்தேகம் லின்டர் மேல். உங்கள் ஆப்பின் ஆப்ஸ் கோப்பைத் திறந்து ‘ரெடி’ என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். ஜாங்கோவில், ஒன்று நடந்தால் இன்னொன்றைத் தானாக ஓட்டும் சிக்னல்களை இணைக்க, அந்த ஃபங்ஷனுக்குள் சிக்னல்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்வது வழக்கம். இம்போர்ட் ஆவதே வேலை, அந்தப் பெயரை வேறெங்கும் பயன்படுத்துவதில்லை. லின்டருக்கு அது தெரியாது. பயன்படாத இம்போர்ட் (விதி எண் எஃப்401) என்று எடுத்துவிடும். இப்போது ரெடிக்குள் ‘பாஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தால் குற்றவாளி கிடைத்தார். பிழைச் செய்தி வராது, லாகில் எதுவும் இருக்காது. தவணை பதிவாகும், எஸ்.எம்.எஸ். மட்டும் போகாது. அந்த இம்போர்ட் வரியைத் திரும்பப் போட்டு, அதன் முடிவில், இதை விட்டுவிடு என்று லின்டருக்குச் சொல்லும் ‘நோக்யூஏ’ குறிப்பை எஃப்401 எண்ணோடு எழுதி வையுங்கள். எண் இல்லாமல் எழுதினால் அந்த வரியின் எல்லா எச்சரிக்கைகளும் அடங்கிவிடும்.

இதே வகையில் இன்னொரு கண்ணி உண்டு. ‘நன்’ எனும் வெற்று மதிப்போடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், ‘இஸ்’ என்று மாற்றச் சொல்லும் விதி. சாதாரண பைத்தானில் நல்ல அறிவுரை. உங்கள் ரிப்போர்ட் பகுதியில் யாராவது தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல்ஆல்கெமி நூலகத்தை வைத்திருந்தால் ஆபத்து. அங்கே அந்த இரட்டைச் சமக்குறி, தரவுத்தளத்துக்குப் போகும் நிபந்தனையை உருவாக்குகிறது. ‘இஸ்’ போட்டால் பைத்தான் அங்கேயே ‘ஃபால்ஸ்’ என்று முடித்துவிடும், ரிப்போர்ட்டில் ஒரு வரியும் வராது.

அதனால் லின்டர் திருத்தங்களை மொத்தமாக ஓட்டாதீர்கள். ஒரு விதிக்கு ஒரு கமிட் (கிட்டில் ஒரு முறை பதிவாகும் மாற்றம்). அந்தந்த டிஃபை மனிதக் கண் படிக்க வேண்டும்.

மாறாமலே மாறிய கோப்புகள்

இது பெரிய விஷயம் இல்லை. விண்டோஸ் லேப்டாப்பில் வரி முடிவு இரண்டு எழுத்து, லினக்ஸில் ஒன்று. எடிட்டர் ஒன்றை மற்றொன்றாகச் சேமித்திருக்கும். வரி முடிவு வேறுபாட்டைப் புறக்கணிக்கும் தெரிவோடு டிஃப் எடுத்தால் அந்தக் கோப்புகள் காணாமல் போகும், உறுதி செய்துகொள்ளலாம். ரெப்பாசிட்டரியின் வேரில் ‘கிட் ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பு வைத்து, உரைக் கோப்புகளுக்கு எல்எஃப் (லினக்ஸின் ஒற்றை எழுத்து வரி முடிவு) என்று குறித்து, கிட் ஆட் கட்டளையை ‘ரீநார்மலைஸ்’ தெரிவோடு ஒரு முறை ஓட்டித் தனி கமிட்டாக முடித்துவிடுங்கள். கூடவே ஒரு எடிட்டர் கான்ஃபிக் கோப்பும் இருந்தால், வேறு வேறு எடிட்டர் வைத்திருப்பவர்களும் ஒரே பழக்கத்துக்கு வருவார்கள்.

கசர், தள்ளு, பாக்கி

நான் உங்களோடு மிகவும் முரண்படுவது இங்கேதான். பெயர் மாற்றம் பாணித் திருத்தம் அல்ல. பிளாக் ஒரு பெயரையும் தொடாது, காரணத்தோடுதான்.

ரசீதில் கசர் காலியானது எப்படி? தரவைத் தயாரிக்கும் வியூவில் ‘கசர்’ என்ற பெயரை ‘டிவிடெண்ட்’ ஆக்கிவிட்டீர்கள், ரசீதின் வடிவம் இருக்கும் டெம்ப்ளேட்டில் பழைய பெயர் நிற்கிறது. ஜாங்கோ டெம்ப்ளேட் தெரியாத மாறியைக் கண்டால் கத்தாது, வெற்று எழுத்துச் சரத்தை வைத்துவிட்டுப் போகும். ரசீது வரைக்கும் போய் யாராவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டெஸ்ட் சர்வரில் மட்டும், டெம்ப்ளேட் அமைப்பில் உள்ள ‘ஸ்ட்ரிங் இஃப் இன்வேலிட்’ என்பதற்கு ஒரு அசிங்கமான சொல்லைத் தற்காலிகமாகக் கொடுத்தால், விடுபட்ட இடங்களெல்லாம் பல்லிளிக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மாடல் புலத்தின் பெயரை மாற்றியிருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். தரவுத்தள மாற்றங்களை எழுதும் மைக்ரேஷன் கோப்பை உருவாக்க மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டும்போது, ‘இதன் பெயரைத்தான் மாற்றினீர்களா’ என்று ஜாங்கோ கேட்கும். பதில் சொல்லாமல் என்டர் தட்டினால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். கேள்வி கேட்காத தெரிவோடு ஸ்கிரிப்டில் ஓட்டினாலும் அதே கதை. அப்போது உருவாகும் மைக்ரேஷன் தரவுத்தளத்தில் பழைய நெடுவரிசையை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். சந்தாதாரர்களின் பாக்கித் தொகை அத்தனையும் போய்விடும். இதுவரை அப்படி ஏதாவது மைக்ரேஷன் கோப்பு உங்கள் பிராஞ்சில் உருவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், புலத்தில் ‘டிபி காலம்’ என்ற அமைப்புக்குப் பழைய பெயரைக் கொடுத்து, ஜாங்கோவின் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னால் பைத்தான் பெயர் மட்டும் மாறும், தரவுத்தளத்தில் உள்ள பெயர் அப்படியே நிற்கும்.

ஆனால் மாற்றத்தான் வேண்டுமா? ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை தள்ளு, அதில் ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு கசர் என்று உங்கள் கிளைகளில் எல்லோரும் சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளை மேலாளர் போனில் “கசர் தப்பா வருது” என்றால், நிரலில் கசர் என்று தேடினால் கிடைக்க வேண்டும். ஆங்கிலச் சொல்தான் நிலையானது என்றும் நினைக்க வேண்டாம். 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட்ஸ் சட்டத்தில் இருந்த ‘டிவிடெண்ட்’ என்ற சொல்லையே 2019 திருத்தம் ‘ஷேர் ஆஃப் டிஸ்கவுண்ட்’ என்று மாற்றிவிட்டது. நீங்கள் புதிதாக வைத்த ஆங்கிலப் பெயர், சட்டம் கைவிட்ட பெயர்.

உண்மையான குறை வேறு. தள்ளு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘ஹெச்’ சேர்த்து எழுதுகிறார், ஒருவர் சேர்க்காமல், ஒருவர் ஒற்றை ‘எல்’ போட்டு. மூன்றும் உங்கள் நிரலில் இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. தொழில் சொற்கள் 20, 30 இருக்குமா? ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலும் ஒரு வரி விளக்கமும் கொடுங்கள். தேதி, பெயர், முகவரி போன்ற பொதுச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். புதிய நிரல் இதைப் பின்பற்றட்டும். பழையதை அந்தப் பகுதியில் வேறு வேலை வரும்போது, சோதனை எழுதிவிட்டு மாற்றுங்கள்.

கமெண்ட்களின் கதை வேறு, அவற்றை மொழிபெயர்த்தால் எதுவும் உடையாது. ஸ்டார் ஆஃபீஸிலிருந்து வந்த ஜெர்மன் கமெண்ட்களை லிப்ரே ஆஃபீஸ் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆங்கிலமாக்கினார்கள். உங்கள் மொழி தெரியாத யாரும் இந்த நிரலை ஒருபோதும் படிக்கமாட்டார்கள் என்று 120 சதவீதம் உறுதியாக இருந்தால் ஒழிய கமெண்ட்டை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று பெப் 8 கேட்டுக்கொள்கிறது. அந்த 120 வேடிக்கைக்காகப் போட்டது என்றாலும், உங்கள் வாடிக்கையாளர் நாளை பாலக்காட்டிலும் கிளை திறக்கலாம்.

சீராக்கும் நாள்

பிளாக் மாற்றம் மட்டும், வேறு ஒன்றும் கலக்காமல், ஒரே நாளில், எல்லோருக்கும் தெரிந்து நடக்க வேண்டும். ஜாங்கோ திட்டமே 2022 பிப்ரவரியில் தன் மொத்த நிரலையும் இப்படித்தான் பிளாக்குக்கு மாற்றியது. அங்கேயும் முன்மொழிவை எழுதி விவாதித்து, ஏற்றுக்கொண்ட பிறகுதான் செய்தார்கள்.

பிளாக்கின் பதிப்பை நுனி வரைக்கும் பூட்டுங்கள், “22க்கு மேல் எதுவும்” என்று எழுதாதீர்கள். அதன் இயல்புப் பாணி ஒரு காலண்டர் ஆண்டுக்குள் மாறாது, ஆண்டின் முதல் வெளியீட்டில் மாறலாம். இருவர் வெவ்வேறு பதிப்பு வைத்திருந்தால் ஒருவர் மாற்றியதை இன்னொருவர் திருப்பி மாற்றிக்கொண்டே இருப்பார். இன்னொன்று, பேமென்ட் கேட்வே தந்த பைத்தான் கோப்புகளை அப்படியே ரெப்பாசிட்டரியில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் போடுங்கள். அவர்கள் அடுத்த பதிப்பு தரும்போது ஒப்பிட முடியாமல் போகும். அவற்றின் தலைப்பில் இருக்கும் உரிமக் குறிப்பைத் தொடவே கூடாது. கையால் பத்தி பிரித்து அழகாக வைத்திருக்கும் கமிஷன் அட்டவணை ஏதாவது இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் ‘எஃப்எம்டி ஆஃப்’, ‘எஃப்எம்டி ஆன்’ கமெண்ட் போட்டுக் காப்பாற்றலாம். அதையே சாக்காக வைத்து ஆளுக்கு ஒன்று போட ஆரம்பித்தால் கதை கந்தல்.

அன்றே, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் பிளாக்கை ‘செக்’ தெரிவோடு சேருங்கள். ப்ரீ-கமிட் ஹூக் ஒவ்வொருவர் கணினியிலும் வசதிக்கு மட்டும். ‘நோ வெரிஃபை’ என்று ஒரு தெரிவு போட்டால் அதைத் தாண்டிவிடலாம். வாசலில் நிற்க வேண்டியது சிஐ. அதற்குப் பிறகு ரிவ்யூவில் இடைவெளி, மேற்கோள் குறி பற்றி மனிதர் யாரும் பேசக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். உங்கள் ரிவ்யூக்களில் வரும் கமெண்ட்களில் பெரும்பாலானவை அதோடு ஒழியும்.

பிளேம் பற்றிய பயம்

அண்ணனின் இந்தக் கவலை நியாயமானது, 2019க்கு முன்பு என்றால் பதிலே கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த கிட் 2.23இலிருந்து, குறிப்பிட்ட கமிட்களைத் தாண்டி அதற்கு முன் எழுதியவர் பெயரைக் காட்டச் சொல்லலாம். சீராக்கிய கமிட்டின் 40 எழுத்து அடையாளமான ஹாஷை முழுதாக, சுருக்காமல், ‘கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும், சொற்களுக்கு நடுவே சிறுகோடு. அதே பெயரில் வைத்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் தானாகப் புரிந்துகொள்ளும். தங்கள் கணினியில் ஒவ்வொருவரும் கிட் கான்ஃபிக்கில் ஒரு முறை அந்தக் கோப்பைச் சுட்ட வேண்டும். இந்த ரெப்பாசிட்டரிக்கு மட்டும் வையுங்கள். குளோபலாக வைத்தால், அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரெப்பாசிட்டரிகளில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று: புல் ரெக்வெஸ்டை ஸ்குவாஷ் செய்து, அதாவது கமிட்களை ஒன்றாக்கி, மெர்ஜ் செய்தால் ஹாஷ் மாறிவிடும். எனவே முதன்மைப் பிராஞ்சான மெயினில் இறங்கிய பிறகு அங்கே தெரியும் ஹாஷை எடுத்து, அடுத்த கமிட்டாக இந்தக் கோப்பைச் சேருங்கள். வரி முடிவு கமிட்டின் ஹாஷும் அதில் இருக்கட்டும்.

அண்ணனின் பிராஞ்ச்

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், அவர் 3 வாரமாகக் கமிஷன் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் கோபத்தின் வேர் அங்கே இருக்கலாம். உங்கள் 412 கோப்புகள் உள்ளே போனால் அவருடைய பிராஞ்சில் நூற்றுக்கணக்கான கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இருவரும் மாற்றியதால் வரும் மோதல்) வரும். ஒவ்வொன்றையும் கையால் தீர்க்கும்போது கமிஷன் கணக்கில் ஒரு வரி தவறினால் அது பண இழப்பு.

இதற்கு வழி இருக்கிறது. அவருடைய பிராஞ்சில் மூன்று படி. முதலில், சீராக்கிய கமிட்டுக்கு நேர் முந்தைய மெயின் கமிட்டை மெர்ஜ் செய்ய வேண்டும். இங்கே வரும் கான்ஃப்ளிக்ட்கள் உண்மையானவை, எப்படியும் தீர்க்க வேண்டியவை. அடுத்து அதே பதிப்பு, அதே அமைப்போடு பிளாக்கை அவருடைய பிராஞ்ச் முழுக்க ஓட்டி கமிட் செய்ய வேண்டும். மூன்றாவதாக, சீராக்கிய அந்த ஒரே கமிட்டை மட்டும் ‘அவர்ஸ்’ என்ற மெர்ஜ் உத்தியோடு இணைக்க வேண்டும். மெயின் பக்கம் நடந்த சீராக்கம் ஏற்கெனவே அவர் பக்கமும் நடந்துவிட்டதால், தன் பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வது இங்கே சரி. இதற்குச் சிறிய எஸ் தெரிவு. பெரிய எக்ஸ் தெரிவும் ‘அவர்ஸ்’ என்ற சொல்லை ஏற்கும், ஆனால் அது வேறு வேலை செய்யும். அந்த ஒரு கமிட்டைத் தாண்டி மெயினின் நுனியையே இப்படி இணைத்தால், இடையில் மற்றவர்கள் செய்த வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். பிறகு மெயினில் வந்ததை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம்.

ஆக, இப்போதிருக்கும் புல் ரெக்வெஸ்டை நீங்களே மூடிவிடுங்கள், பிராஞ்சை மட்டும் அழிக்காதீர்கள். லின்டர் காட்டிய இடங்களைப் பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். எஸ்.எம்.எஸ். நின்ற காரணத்தைக் கண்டுபிடித்து குழுவில் நீங்களே எழுதுங்கள். லீடிடம் “பிளாக், 88 எழுத்து, இந்தப் பதிப்பு, இந்தத் தேதி” என்று இரண்டு வரி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியை அண்ணனே சொல்லட்டும். மாத ஏலங்கள் முடிந்து, அவருடைய பிராஞ்சும் உள்ளே வந்துவிட்ட பிறகு என்று அவர் சொன்னால், மேலே சொன்ன மூன்று படியே அவருக்குத் தேவைப்படாது. காத்திருக்க முடியாது என்று லீட் சொன்னால், அன்று மதியம் அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கணினியில், அவருடைய பிராஞ்சில் அந்த மூன்று படியையும் சேர்ந்து செய்யுங்கள். முடிந்ததும் அவருடைய பிராஞ்சுக்கும் மெயினுக்கும் டிஃப் எடுங்கள். கமிஷன் கணக்கில் அவர் மாற்றிய வரிகள் மட்டும்தான் அதில் தெரிய வேண்டும்.